இருபது நாலு

சார்ஜென்ட் அவென்யூ அச்சுக்கடையில்
பிழை பார்ப்பது என் வேலை.
மணிக்குப் பதினேழு டாலர், ஜன்னலோர மேஜை,
மூடி தொலைந்த ஒரு சிவப்புப் பேனா.

இந்த மொழியில் 'நான்' மட்டும்
எங்கே நின்றாலும் நெட்டையாக நிற்கும்.
வாக்கியத்தின் வாசலில் நின்றால் ஒழிய
'நீ' குனிந்தே இருக்கும்.
திங்கட்கிழமைக்குத் தலைப்பாகை உண்டு,
குளிர்காலத்துக்குக் கிடையாது.
வினிப்பெக்கில்!
ஆறு மாதம் ஊரை ஆளும் குளிர்காலத்துக்கு!
வந்த வருடம் அதற்கும் பெரிய எழுத்துப் போட்டேன்,
மரியாதையால் அல்ல, பயத்தால்.
முதலாளி ஓரெஸ்ட் சிரித்துக்கொண்டே அடித்தார்.

எங்களிடம் பெரிய எழுத்தே இல்லை.
'வா'வுக்குப் பின்னால் ஒரு 'ங்க' வைத்தால் போதும்,
வந்தவர் அரை அடி உயர்ந்துவிடுவார்.

நேற்று ஒரு நோட்டீஸ் வந்தது.
முதியோர் இல்லத்துக்கு ஆள் தேவை:
ட்வென்டி ஃபோர் அவர் ஷிஃப்ட்ஸ்.
நடுவில் ஒரு கோடும் இல்லை.
நாலு மணி நேர வேலை, இருபதா?
இல்லை, இருபத்துநாலு மணி நேரமும்
ஒரே நிற்பா?
தமிழாக இருந்தால்
ஒரு 'த்து' வந்து காட்டிக்கொடுத்திருக்கும்.
பள்ளியில் அந்தப் புணர்ச்சி விதிக்கு இரண்டு மதிப்பெண்.
விட்டுவிட்டுத்தான் பாஸானேன்.

போன் செய்தேன்.
எடுத்த பெண்ணுக்குத் தெரியவில்லை.
தெரிந்தவர் லீவில், மெக்சிகோவில்.
"கொடுத்ததைக் கொடுத்தபடி அடி," என்றார் ஓரெஸ்ட்.
மூன்று மணிக்கு மெஷினில் ஏற்ற வேண்டும்.

எங்கள் கீழ்வீட்டு மரகதவல்லி
இப்படிப்பட்ட நோட்டீஸ்களைப் பிய்த்துவந்து
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைப்பாள்.
போன வெள்ளி, பதினாறு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவள்
ஒரு பூட்ஸைக் கழற்றி
மறு பூட்ஸுக்குக் குனிந்தபடியே
படியில் தூங்கிப்போனாள்.
பனி உருகி அவள் சாக்ஸுக்குக் கீழே
குளமாகியிருந்தது.

ஃபோருக்கும் அவருக்கும் நடுவே
ஒரு கோடு போட்டேன்.
சீரகத்தை விடச் சின்னது.
போட எனக்கு அதிகாரம் இல்லை.
சரியா என்றும் தெரியாது.
யாராவது அந்தக் கோட்டைக் காட்டி
நாலாவது மணியில்
கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பட்டும்.

ஆறு மணிக்குக் கடை பூட்டி
பஸ் நிறுத்தத்துக்கு வந்தால்
எதிர் வங்கியின் மின்பலகையில்
அதே கோடு.
முப்பத்தொன்றுக்கு முன்னால்
தனியாக நின்றது.

கையுறையை
மணிக்கட்டு வரை இழுத்துவிட்டேன்.