ஜெல்லி அருங்காட்சியகம், பிப்ரவரி

பனி வாரிய பாதையில் உப்பு தூவியிருந்தது.
பழைய பள்ளிக்கூடம், பின்பக்க வாசல்,
சீட்டு ஐந்து டாலர்.
சில்லறை இல்லை என்றேன்.
"போகும்போது பார்த்துக்கலாம்" என்றாள் வெர்னா காஸ்மரெக்,
இந்தப் பனியில் எங்கே ஓடிவிடப் போகிறாய் என்பதுபோல.

ஜெல்லிக்கென்று ஓர் அருங்காட்சியகம்.
உள்ளே ஜெல்லி இல்லை.
அச்சுகள் இருந்தன: மீன், கோட்டை,
ஒரு காது நசுங்கிய செம்பு முயல்.
கண்ணாடிப் பேழைக்குள் செர்ரிச் சிவப்பாய் நின்றது
வெறும் பிசின்.
பேழையைத் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை.
அசையாததைப் போய் யார் ஜெல்லி என்பார்கள்?

"இதை எதில் செய்றாங்க?"
சிவப்புத் தொப்பிச் சிறுவன்.
"தோல், எலும்பு" என்றாள் வெர்னா, ஒளிக்காமல்.
அவன் அப்பா அவனை
அடுத்த அறைக்கு நகர்த்திக்கொண்டு போனார்.

கடைசிச் சுவரில் சட்டமிட்ட காகிதம்.
யாரோ ஒரு நரம்பு மருத்துவர்
எலுமிச்சை ஜெல்லியில் கம்பிகளைப் பொருத்தினாராம்.
முள் நகர்ந்ததாம்.
மேடு, பள்ளம், மேடு.
"பக்கத்தில் ஆள் நடந்த அதிர்வு,
வேறு இயந்திரங்களின் முணுமுணுப்பு,
அதெல்லாம் சேர்ந்து போட்ட கோடு.
ஜெல்லிக்கு ஏது மூளை!"
சொல்லிவிட்டு, வழக்கம்போல,
சிரிப்புக்கு இடம்விட்டு நிறுத்தினாள்.

இரண்டு பேர் சிரித்தோம்.
நீல அங்கி அணிந்த பெண்
கையுறையைக் கழற்றினாள்.
கண்ணாடிமேல் விரல் வைத்து
கோட்டோடு கூடவே போனாள்,
இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை.

"டேலுக்கு நேர்க்கோடு" என்றாள்.
"ராச்செஸ்டரில். போன மார்ச்.
நான்தான் கையெழுத்துப் போட்டேன்."
பிறகு, எங்களிடம் இல்லை, காகிதத்திடம்:
"அந்த அறையில் நாங்கள் ஆறு பேர்.
ஒருத்தர்கூட அசையாமல் நின்றோம்.
மரியாதை என்று நினைத்து."

வெர்னாவின் மனப்பாடத்தில்
இதற்கு வரி இல்லை.
கவுன்டருக்குப் பின்னால் போனாள்.
குட்டி ஃபிரிட்ஜ் திறந்து மூடும் சத்தம்.
தன் மதியச் சாப்பாட்டுப் பையிலிருந்து
ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், ஒரு கரண்டி.
"உட்காருங்கள்" என்றாள்.
இருந்தது ஒரே நாற்காலி, அவளுடையது.

தெருவில் பனி வாரும் லாரி போனது.
ஜன்னல் அதிர்ந்தது, முயல் கிணுகிணுத்தது,
கிண்ணத்துக்குள் பச்சை நடுங்கிற்று,
லாரி திருப்பத்தைத் தாண்டிய பின்னும் கொஞ்ச நேரம்.
அது நிற்கட்டும் என்று காத்திருந்தாள்.
நின்றதும் கரண்டியை எடுக்கவில்லை;
கிண்ணத்தின் விளிம்பை
நகத்தால் ஒரு தட்டுத் தட்டினாள்.

சிறுவன் எப்படியோ தப்பி வந்துவிட்டான்.
"அது என்ன சுவை?"

முதல் வாய் அப்போதுதான்.
யோசித்தாள்.
"பச்சை" என்றாள்.

நான் பத்து டாலர் தாளைக்
கவுன்டரில் வைத்துவிட்டு வந்தேன்.
மீதி கேட்கவில்லை.