வட்டம் எண் நாற்பத்தொன்று

சபைச் செயலர் ஒரு வாளி சுண்ணாம்பு தந்தார்.
ஆறடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறும் தந்தார்.
ராத்திரி முழுக்க முழந்தாளில் ஊர்ந்து
கோயில் தரையில் வட்டம் போட்டேன்.
எழுபத்திரண்டு.
நல்லாயன்புரத்துக்குத் தலை நானூற்று முப்பது.

ஆகவே ஒரு ஆராதனை ஆறாயிற்று:
முந்தின நாள் சாயங்காலம் இரண்டு,
விடியுமுன் இரண்டு, விடிந்தபின் இரண்டு.
அந்த வருஷம் எங்கள் ஊரில்
ஒரே பிள்ளை ஆறு தடவை பிறக்க வேண்டியிருந்தது.

பஜனை கிடையாது.
டிரம் செட் பாடகர் அறையில்
பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.
கிறிஸ்மஸ் தாத்தா முகமூடிக்கு மேலே
முகக்கவசம் கட்டிப் பார்த்தான் வில்சன் மகன்.
சின்னதுகள் அலறியதுதான் மிச்சம்.

ரேஷன் கடையில் எடை போடுகிறவன் நான்.
ஏச்சு கேட்டுப் பழகியவன் என்று
காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியைக் கையில் கொடுத்து
வாசலில் நிறுத்திவிட்டார்கள்.
"என்னவே, மாட்டாஸ்பத்திரியில சேந்துட்டீரா?"
என்று நெற்றி நீட்டினார்கள்.
காணிக்கைப் பை நகரவில்லை, வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளி.
திருவிருந்துக்கு ஆளுக்கொரு காகிதக் கிண்ணம்,
சொட்டு மருந்து அளவு.

ஐசக்துரை அண்ணாச்சி பம்பாயிலிருந்து வந்து
நாலு நாள்தான் ஆகியிருந்தது.
பத்து கழியட்டும் என்றேன்.
"மணிக்கூண்டுக்கு நான் எழுதுன தொகை
கல்லுல வெட்டிக் கெடக்கு, போயி வாசிச்சிட்டு வாரும்."
வாசித்திருக்கிறேன், அண்ணாச்சி.
தேரி மணலில் செருப்பு புதையப் புதையத்
திரும்பிப் போனார். அவர் பட்டு வேட்டியில்
கடை மடிப்பு இன்னும் கலையவில்லை.
என் நோட்டில் 'திருப்பி அனுப்பப்பட்டோர்' பக்கத்தில்
அவர் பெயர் முதலாவது.

சாயங்காலம் முடிந்து வீட்டுக்கு வந்தேன்.
ஜெயசீலி முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருந்தாள்.
கருப்பட்டிப் பாகு, ஏலக்காய், காய்ந்த எண்ணெய்.
அடுப்பங்கரையில் நின்றேன்.
மழை பெய்து கழுவிய பாறை மாதிரி
காற்றில் ஒன்றுமே இல்லை.

ஜலதோஷம் என்று சொல்லிப் பார்த்தேன்.
புதுச் சட்டையை முகர்ந்தேன். மண்ணெண்ணெய் டின்னைத்
திறந்து முகர்ந்தேன்.
துப்பாக்கியைத் திருப்பி என் நெற்றியிலேயே வைத்தேன்.
தொண்ணூற்றேழு புள்ளி எட்டு.
பச்சை விளக்கு. உள்ளே போ என்றது.

விடியுமுன் முதல் ஆராதனைக்கு இன்னும் ஏழு மணி நேரம்.
எனக்கு ஒதுக்கியது வட்டம் எண் நாற்பத்தொன்று,
மின்விசிறிக்கு நேர் கீழே.
மூக்கு என்னுடையது. நான் சொன்னால்தான் தெரியும்.
சொல்லாவிட்டால்
நாற்பதில் கனகமணி சித்தி, சர்க்கரைக்காரி.
நாற்பத்திரண்டில் எப்சிபா, ஏழு மாசம்.

ஜெயசீலி நீலச் சேலையைத்
தேய்த்து நாற்காலியில் போட்டிருந்தாள்.
சொன்னேன்.
அவள் அடுப்பை அணைத்தாள்.
கொஞ்ச நேரம் சேலையைப் பார்த்தாள்.
"சுட்டதை என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டாள்.
பதில் தெரியவில்லை.

துப்பாக்கியை வேலிக் கம்பில் மாட்டிவிட்டு
போனில் செயலரைக் கூப்பிட்டேன்.
'ஸ்பிரிட் வச்சுத் தொடைச்சிட்டு எடுங்க.'
சாயங்காலம் நான் சோதித்த
நூற்று நாற்பத்து மூன்று நெற்றிகளின் பட்டியலைப்
பெயர் பெயராக வாசித்தேன்.
அவர் ஒவ்வொன்றுக்கும் ம் போட்டார்.
கடைசியில் ம் போடவில்லை.

பிறகு ஆட்டுக் கொட்டிலில் கட்டில் போட்டுப் படுத்தேன்.
மார்கழிப் பனி. தூரத்தில் காற்றாடிகளின் சிவப்பு விளக்குகள்
அணைந்து அணைந்து எரிந்தன.
மணி அடித்தது.
எழுபத்தொரு பேர், வாய்க்குத் துணி கட்டிப் பாடினார்கள்.
எங்கே அடித்தொண்டை குறைகிறதென்று
எனக்கு நன்றாகவே கேட்டது.
நான் பாடவில்லை. ஆடுகள் அசை போட்டன.
தொழுவத்தில் இந்த ராத்திரியைக் கழிக்கிறோமே
என்று ஒரு பெருமை வந்தது.
இருமல் வந்து அதை அடித்துக்கொண்டு போயிற்று.

நோட்டைத் திறந்து, ஐசக்துரைக்குக் கீழே
என் பெயரை எழுதினேன்.

புது வருஷம் பிறந்து மூன்றாம் நாள், விடியற்காலை,
முதலாவதாகத் திரும்பி வந்தது
ஆட்டுப் புழுக்கை நாற்றம்.
ஸ்தோத்திரம் என்றேன்,
சத்தமாக.