நாற்பத்து மூன்றாம் நாள்

ஓஸ்ட்ராவாவில் கடல் இல்லை.
நிலக்கரி உண்டு, டிராம் உண்டு,
நான்காம் மாடியில் நாங்கள் உண்டு.
தாலிபோர் வாளியில் உப்பைக் கொட்டிக் கலக்குகிறான்,
மானியைப் பார்க்கிறான், இன்னும் அரைப்பிடி.
எங்கள் சூப்புக்கு இத்தனை கவனம் வாய்த்ததில்லை.

முதலில் குடியேறியது ஒரு செத்த இறால்.
அழுகவேண்டும், அதுதான் முறை என்றான்.
அழுகியது.
ஆறு வாரம் வெறுந்தண்ணீருக்கு விளக்குப் போட்டு
மின்கட்டணம் கட்டினேன்.

பம்ப் இரைகிறதென்று
கீழ்வீட்டு ஹினெக் சண்டைக்கு வந்தார்.
"மீன் எங்கே?"
"இல்லை."
"பிறகு?"
சோதனைக் குழாயைத் தூக்கிக் காட்டினான்:
பச்சை போய் மஞ்சள்.
அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

வெளியே மைனஸ் பதினொன்று.
சட்டைக்குள் ஒரு பையோடு டிராமிலிருந்து இறங்கினான்,
பைக்குள் நகத்தளவு பவளம்.
கல்லில் பசை வைத்து ஒட்டினான்.
இறுகச் சுருங்கிக்கொண்டது.
கோபம் என்றேன்.
பயணக் களைப்பு என்றான்.

இரவு மூன்று மணி, தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
விளக்கணைந்த தொட்டியில்
மயிரிழை விரல்களையெல்லாம் நீட்டி
எதையோ துழாவிக்கொண்டிருந்தது.
அவனை எழுப்பவில்லை.
டம்ளரைக் கையில் வைத்தபடி நின்றேன்.
கீழே ஹினெக் இருமினார்.