பன்னிரண்டாம் மாடிக்கு மேலே

'உறைவிடக் கலைஞர்' என்று
மின்தூக்கி ஓரம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.
உறைவிடம் நம்முடையது, கலை அவளுடையது,
நமக்கென்ன என்று
பொத்தானை அழுத்தினேன்.

மூன்று மாதம் ஸுலைகா
எங்கள் பிடோக் நார்த் புளோக்கின் கீழ்த்தளத்தில்,
பாலர் பள்ளியாக இருந்து பூட்டிக்கிடந்த அறையில்
கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.
மேசைமேல் மைலோ, கிரீம் கிராக்கர்,
சிவப்புப் பொட்டு மினுக்கும் கேமரா.
முதல் வாரம் வந்தவர்கள்
மைலோவுக்கு வந்தவர்கள்.

இரண்டாம் வாரம் விதியைச் சொன்னாள்:
யாரும் தன்னை நடிக்கக் கூடாது.
மேல்வீட்டை, கீழ்வீட்டை, எதிர்வீட்டை நடிக்கலாம்.
பேச்சு வேண்டாம். உடம்பு போதும்.

கரும்பு தின்னக் கூலி எனக்கு.
பதினாறு வருடமாக என் தலைக்கு மேலே
மிஸ்டர் சீத்தோ.
அவர் மூங்கில் கழியில் துண்டு நீட்டினால்
என் போர்வையில் மழை.
நள்ளிரவில் கோலிக்குண்டு.
ஒன்று. பிறகு ஒன்று. பிறகு உருளல்.
தனி ஆள்,
யாரோடு விளையாடுகிறார்?

ஆகவே நடித்தேன்.
கால்சட்டையை மார்பு வரை இழுத்துவிட்டு
தரையில் குந்தி
இல்லாத குண்டைச் சுண்டினேன்.
கீழ்த்தளமே சிரித்தது.
நாசி லெமாக் கடை ஹஸ்னாவுக்குப் புரை ஏறியது.
கேமராவுக்குப் பின்னால் ஸுலைகாவின் தோள் குலுங்கியது;
படத்தில் அந்த இடம் இப்போதும் ஆடும்.

பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து சீத்தோ எழுந்தார்.
விதியை மீறிப் பேசினார்.
"எனக்கும் கேட்கும்.
எனக்கும் மேலேயிருந்துதான் கேட்கும்."

அவர் இருப்பது பன்னிரண்டாம் மாடி.
அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டி,
அதற்கும் மேலே சாங்கிக்கு இறங்கும் விமானம்.

அப்புறம் அவர் முறை. என்னை நடித்தார்.

தோளில் இல்லாத பையைச் சரிசெய்தார்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
இரவு வேலை முடித்த முழங்காலை
எங்கிருந்து எடுத்தாரோ,
அச்சு அசல் என் முழங்கால்.
சாவியை எடுத்தார்.
இரும்புக் கிராதிமுன் நின்றார்.
நின்றார்.
திறக்கவில்லை.

சிரிக்கத் தயாராக இருந்தவர்கள்
வாயை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தார்கள்.
நான் அப்படி நிற்பேன் என்று
எனக்கே தெரியாது.
உள்ளே யாரும் தூங்கவில்லை,
எழுப்பிவிடுவோம் என்ற பயமும் இல்லை.
மின்தூக்கியை நம்பாத மனிதர்
விடிகாலைக் கோப்பிக்குப் படியிறங்கும்போது
எத்தனை நாள் பார்த்தாரோ.

ஒருநாள் ஸுலைகா கணினிமுன் உட்காரவைத்தாள்.
"நாற்பத்தேழு நொடி அக்கா. நீளம். வெட்டட்டுமா?"
பார்த்தேன்.
அந்த ஆள் என் சாவியைப் பிடித்திருந்த விதம்,
சந்தைக் கூட்டத்தில்
பிள்ளையின் விரலைப் பிடிப்பதுபோல.
வெட்டாதே என்றேன்.

திரையிட்ட இரவு காற்று பலமாக இருந்தது.
எட்டு வீட்டுக் கழிகளில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி
உப்பியது, வாங்கியது.
துணியில் அவர் நானாக நின்றார்,
துணிக்கு முன்னால் நான் அவராகக் குந்தினேன்.
ஒன்பதாம் மாடிப் பையன் ரயான்
நிஜக் குண்டு ஒன்றை உருட்டிவிட்டான்.
சாக்கடை மூடி வரை போனது.
எல்லாரும் காது கொடுத்தோம்.
அந்தச் சத்தம் இல்லை இது.

ஸுலைகா போய்விட்டாள்.
நகர மன்றம் அறைக்குப் புது வெள்ளையடித்தது.

இப்போது கிராதிமுன் நிற்கும்போது எண்ணுகிறேன்.
பெரும்பாலும் முப்பதுக்குள் திறந்துவிடுகிறது.
சில நாள் நாற்பத்தேழைத் தாண்டும்;
அப்போது படிக்கட்டில் ஒரு செருப்புச் சத்தம்
இறங்காமல் காத்திருக்கும்.

நேற்றும் துண்டு சொட்டியது.
ஜன்னலில் தலை நீட்டிக் கத்தினேன்.
மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது,
விரலை மடக்கி
இல்லாத குண்டொன்றை
என்மேல் சுண்டிவிட்டுப் போனது.