கண்ணி அளவு

கீழக்கரைத் தோல் டாக்டர் நிலோபர்
பேனா முனையைக் காட்டிச் சொன்னார்:
ஒரு முடியின் தடிமனில்
எண்ணூறு துகள் வரிசையாய் நிற்கும்;
வேர்க்குழிக்குள் இறங்கி
மருந்தை மெல்ல மெல்ல அவிழ்க்கும்.

எனக்குப் புரிந்தது.
வலைக்குக் கண்ணி முடிந்த கை இது.
சூடை நுழைகிற கண்ணியில்
பாரை நுழையாது.

விலை கேட்டேன்.
நாலு நாள் பாசிக்காசு.

மறுநாள் வாலிநோக்கத்தில் முங்கி எழுந்தபோது
தலைத்துணி அவிழ்ந்து மிதந்தது.
சேதுராக்கு பார்த்தாள்.
பார்க்காதவள்போல
மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ராத்திரி ஆறு சொட்டு.
விரல் நுனியில் சில்லென்றது,
பகலில் பறித்த பாசியின் அதே வழுவழுப்பு.

தேய்க்கும் முன்
உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசணுமாம்.
லாரித் தண்ணீர் குடம் பதினைந்து ரூபாய்.
சீட்டில் அதை அவர் எழுதவில்லை.