துத்தநாகம்

டர்பன் பேஹெட் கொட்டகையில்
மரக்கட்டைகள்மேல் நிற்கிறது, வயிற்றைக் காட்டிக்கொண்டு.
எழுபத்தெட்டில் செய்த படகு,
என்னைவிட ஆறு வயது மூப்பு.
விற்றவர் சொன்னார்: எஞ்சின் புதுசு மாதிரி.
எல்லாமே மாதிரிதான்.

சாக்ரனின் தோள் நுழையாத பொந்துக்குள்
நான்தான் இறங்குகிறேன்,
தலைகீழாக, வாயில் டார்ச்.
தண்ணீர் பம்பின் ரப்பர்ச் சக்கரத்தில்
ஆறு இதழில் நாலுதான் மிச்சம்.
மற்ற இரண்டும் குழாயில் எங்கோ.
தேடி எடு, என்கிறது கையேடு.
தேடினேன். ஒரு சனிக்கிழமை போயிற்று.

கரண்ட் போன இரண்டு மணிநேரம்
தெஷ்னி கையால் சுரண்டுகிறாள்:
நீலம், அடியில் சிவப்பு,
அதற்கும் அடியில் வேறொரு நீலம்.

அலமாரிக் கதவின் உட்புறம் பென்சில் கோடுகள்.
டெரெக், 1981. டெரெக், 1982.
அந்த வருடங்களில் இதே துறையில்
அப்பா படகுகளுக்கு டீசல் ஊற்றினார்.
ஒன்றில்கூட ஏறியதில்லை.

தேய்த்துவிடலாமா, என்றான் சாக்ரன்.
உப்புத்தாளை எடுத்தேன். வைத்தேன்.
தெஷ்னியைக் கதவோடு நிற்கவைத்தேன்:
டெரெக்கைவிட இரண்டு விரல் உயரம்.
அவளே கோடு போட்டாள், பேனாவில்.

இறக்கும் நாளில் அத்தை எலுமிச்சம்பழத்தோடு வந்தார்.
சக்கரமே இல்லையே, எங்கே வைக்க?
நான் சுக்கானருகே துத்தநாகக் கட்டியைத்
திருகிக்கொண்டிருந்தேன்.
உப்பு முதலில் இதைத்தான் தின்னும், அத்தை,
புரொப்பெல்லரை விட்டுவிடும்.
வருஷத்துக்கு ஒன்று மாற்றணும்.
கொஞ்சம் யோசித்து
அதற்குக் குங்குமம் வைத்தார்.

ராத்திரி அடித்தளப் பம்பு
இரண்டுமுறை தானாக ஓடி நின்றது.
எங்கோ ஒழுகுகிறது, இன்னும்.