ஒலி: இல்லை

அருங்காட்சியகத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது,
பதினான்கு பக்கம்.
கலைஞர்: தமயந்தி சேவியர்.
படைப்பு: நிற்காத தளங்கள், 1994.
ஊடகம்: ஒன்பது தொலைக்காட்சிப் பெட்டிகள், ஒளிநாடா,
ஒரு மின்தூக்கியின் பிடிவாதம்.
கடைசி வரியை அடித்துவிட்டேன்.
படிவங்களுக்கு உவமை ஆகாது.

அன்று எங்கள் புளோக்கில் மின்தூக்கி
ஒன்று, ஐந்து, ஒன்பது, பதின்மூன்றில் மட்டும் நிற்கும்.
எங்கள் வீடு ஏழில்.
ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறலாம்,
ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி இறங்கலாம்.
அரிசி மூட்டை இருந்தால் ஒன்பதுதான்.
இரவல் கேமராவைக் கதவின் சிறு கண்ணாடியில் அழுத்தி
நிற்காத தளங்களை மட்டும் எடுத்தேன்.
வெறும் சிமெண்டுச் சுவர்,
யாரோ சாக்கட்டியில் கிறுக்கிய ஓர் அம்பு,
எங்கள் ஏழும் அப்படித்தான்,
பின்பக்கத்தில் முகமில்லாமல்.

பெட்டிகளைச் சுங்கை ரோட்டில் வாங்கினேன்,
ஒன்று பதினைந்து வெள்ளி.
விற்றவர் கேட்டார்: எத்தனை பிள்ளைகள் உனக்கு,
ஆளுக்கொரு டிவியா?
குவாங்ஜு போய்த் திரும்பியபோது
அதே பெட்டிகளுக்குக் காப்பீடு நாற்பதாயிரம்.
சாங்கி சுங்க அதிகாரி தாளைப் பார்த்தார்,
பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
அவரைப் போல் நேர்மையான விமர்சகரை
அதற்குப் பிறகு நான் சந்திக்கவில்லை.
ஒரு கண்காட்சிப் பொறுப்பாளர் கேட்டார்,
உங்கள் படைப்பில் கோலம் எங்கே?
ஏழாம் மாடியில் வாசல் பொதுநடை என்றேன்.
அழகாகச் சொன்னீர்கள் என்று குறித்துக்கொண்டார்.

நடுவில் என்ன செய்தேன்?
சலவைத்தூள் விளம்பரங்களுக்கு நுரை வரைந்தேன்.
நிதி கேட்டு முப்பத்தோரு விண்ணப்பம்,
நான்கு கிடைத்தன.
பிறகு கல்லூரி, பிறகு பேராசிரியர்,
பிறகு மதிப்பெண் அட்டவணை:
கருத்து முப்பது, செய்நேர்த்தி ஐம்பது,
துணிச்சலுக்கு இருபது, அதிலும் ஆதாரம் இணைக்க வேண்டும்.
ஒருநாள் கூட்டம் அலுத்து
நிற்காத தளங்களுக்கு நானே மதிப்பெண் போட்டேன்.
ஐம்பத்து மூன்று.
செய்நேர்த்தியில் விட்டுவிட்டேன்.

புளோக்கை இடித்தாகிவிட்டது.
இடிப்பதற்கு முன்பே மேம்பாட்டுத் திட்டம் வந்து
மின்தூக்கி எல்லாத் தளத்திலும் நின்றது.
அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னாள்,
உன் கலைக்கு ஆபத்து, எனக்கு நிம்மதி.

கேள்வி ஆறு: பெட்டி பழுதானால்
தட்டைத் திரைக்கு மாற்றலாமா?
ஆறு உயிரோடு இருக்கின்றன.
உபியில் வாடகைக் கிடங்கில், துணி போர்த்தி.
ஒன்றைச் சோதிக்க வகுப்புக்குத் தள்ளிப்போனேன்.
பொத்தானை அழுத்தியதும் யி சுவான் காதைப் பொத்தினாள்,
நஸ்ரின் பின்னால் நகர்ந்தாள்.
இந்தக் கீச்சு உங்களுக்குக் கேக்கலையா, பேராசிரியர்?
எந்தக் கீச்சு?

கைப்பேசியில் அளந்து காட்டினார்கள்.
பதினைந்தாயிரத்து அறுநூற்றுச் சொச்சத்தில்
ஊசி போல் ஒரு கோடு.
ஓசையை நான் கண்ணால் பார்த்தேன்.
இருபத்தாறு வயதில் அது கேட்டிருக்கும்.
அது பெட்டியின் சத்தம், படைப்புடையது அல்ல
என்று ஒதுக்கியிருப்பேன்.
எந்த வருடம், எந்தக் காலைப்பொழுதில்
அந்தத் தளத்தைத் தாண்டி மேலே வந்தேன்?
மணி அடிக்கவில்லை.
கதவு திறக்கவில்லை.

கேள்வி ஒன்பது: ஒலி.
பழைய பதிவிலிருந்து அவர்களே நிரப்பியிருக்கிறார்கள்: இல்லை.
அழித்துவிட்டு எழுதுகிறேன்:
உண்டு. தட்டைத் திரை கூடாது.
சரிபார்க்க இளையவர் ஒருவரை அழைக்கவும்.
கலைஞரின் காது இதற்குச் சாட்சி ஆகாது.
ஆறும் அணைந்தபின் என்ன செய்வதென்றால்

கட்டம் அதற்கு மேல் எழுத்தை ஏற்கவில்லை.